எல்லாவற்றுக்கும் சூடு என்றே சொன்னோம்

1

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் தெருமுனையில் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது. போன சனிக்கிழமை அந்தக் கடைக்கார அம்மாள் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் மேல் ஏதாவது வருத்தமா? வருஷக்கணக்காகக் கடைக்குள்ளேயே காலெடுத்து வைக்கவில்லையே" என்றாள். திறந்த கதவு வழியாக, ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மாவு வேகும் வாசனை வந்துகொண்டிருந்தது. ஈஸ்ட் எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன். பாவம், அவள் முகம் வாடிவிட்டது. இந்த ஊரில் ரொட்டி ஆகாது என்று சொல்வது, ஸ்ரீரங்கத்தில் சோறு ஆகாது என்று சொல்வதற்குச் சமம்.

வீட்டுக்கு வந்து கீரை நறுக்கும்போது அலமேலு மன்னியின் ஞாபகம் வந்தது. மன்னி என் அண்ணாவின் மனைவி. ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில், நான் பிறந்த வீட்டில் இருக்கிறாள். என் உடம்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அது அவளைப் பற்றித்தான் போய் முடிகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். ஊரில் இதைப் படிக்கும் பெண்கள் சிலருக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும்.

2

1984 குளிர்காலத்தில் எனக்குச் சிறுநீரகத்தில் கிருமி தொற்றி, கடுமையான ஆன்டிபயாடிக் மாத்திரைகள் கொடுத்தார்கள். கிருமி போயிற்று. போன இடத்தில் வேறொன்று வந்து குடியேறியது. நாக்கில் மாவு தடவியதுபோல் வெள்ளை படர்ந்தது. எதைச் சாப்பிட்டாலும் வயிறு பானையாக உப்பியது. சொல்லக் கூசும் இடத்தில் அரிப்பு. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் ஓடத் தோன்றும். மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் தாங்க முடியாமல் டாக்டரிடம் போனேன்.

அவர் பரிசோதித்துவிட்டு, "உங்களுக்கு பில்ட்ஸ் இருக்கிறது" என்றார்.

கடையிலும் பஸ்ஸிலும் கற்றுக்கொண்ட ஜெர்மன் என்னுடையது. பில்ட்ஸ் என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் காளான். "டாக்டர், நாங்கள் காளான் சாப்பிடுகிற வழக்கமே இல்லை. வீட்டுக்குள்ளேயே விடமாட்டோம்" என்றேன். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நர்ஸால் அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் அதைச் சொன்னபோது என் மகள் மாலினி ஜெர்மனில் விளக்கினாள். காளானுக்கும் பூஞ்சைக்கும் இங்கே ஒரே சொல்தான். அவளுக்கு அப்போது பதினொரு வயது. "அம்மா, ஈஸ்ட்கூட ஒரு பில்ட்ஸ்தான். பயாலஜி பாடத்துல இருக்கு. எல்லார் உடம்புலயும் கொஞ்சம் இருக்கும். உனக்கு ஜாஸ்தி ஆயிடுச்சு." அத்தோடு நிறுத்தாமல், அரிப்பு எங்கே என்று அந்த இடத்தின் ஜெர்மன் பெயரைச் சொல்லிக் கேட்டாள், உப்பை இப்படித் தள்ளு என்பதுபோல. அவள் அப்பா எழுந்து, மூக்கின் மேலேயே இருந்த கண்ணாடியைத் தேட அடுத்த அறைக்குப் போய்விட்டார். எனக்குக் காது சுட்டது. இவள் என் பெண்தானா, எந்த ஊர்ப் பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் மருந்தோடு ஒரு சாப்பாட்டு முறையும் கொடுத்திருந்தார். அப்போது இங்கே அது பரவலாகப் பேசப்பட்டது. சர்க்கரை, வெல்லம், தேன், பழம் கூடாது. மைதா கூடாது. ஈஸ்ட் போட்ட ரொட்டி அறவே கூடாது. ராத்திரி முழுக்கப் புளிக்கவைத்த அரிசி-உளுந்து மாவை நாங்கள் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவோம் என்று இட்லியை விவரித்தேன். அவருக்குப் புரியவில்லை. "புளித்ததா? எதற்கும் விட்டுவிடுங்கள்" என்றார். தயிர் மட்டும் தப்பியது. மாட்டுக் கறி, மீன், முட்டை வேண்டிய மட்டும் சாப்பிடலாம். "மாமிசம் இல்லாமல் இந்த முறை கஷ்டம். சில மாதங்களுக்காவது சாப்பிட்டுப் பாருங்கள்" என்றார்.

மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் சமையல் வகுப்புக்குச் செலவு தருவதாகச் சொன்னார்கள். மனு எழுதி, முத்திரை வாங்கி, இரண்டு கவுன்ட்டர்களில் வரிசையில் நின்று வகுப்புக்குப் போனால், மாவு தடவாமல் மீன் வறுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். முதல் நாளோடு நின்றுவிட்டேன்.

அப்புறம் என் சாப்பாட்டை நானே அமைத்துக்கொண்டேன். ஆரோக்கிய உணவு விற்கும் கடை ஒன்றில் நம் ஊர்த் தினையைப் போன்ற ஒரு தானியம் கிடைத்தது. அதைச் சோறு மாதிரி வடித்துக்கொண்டேன். பாசிப்பருப்பு, பசலைக்கீரை, முட்டைக்கோஸ், பீன்ஸ், இஞ்சி மிளகு தட்டிப்போட்ட மோர். மாவைப் புளிக்கவிடாமல் அரைத்த கையோடு அடை. முதல் வாரம் தலைவலியும் எரிச்சலுமாக இருந்தது. இரண்டு மாதத்தில் வயிறு அடங்கியது. மருந்தும் வேலை செய்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பின்னால் வந்த வேறொரு டாக்டர், இந்தச் சாப்பாட்டு முறைக்குப் பெரிய ஆதாரமில்லை என்று உதட்டைப் பிதுக்கினார். ஆனால் நான் தித்திப்பில் கை வைத்தபோதெல்லாம் அது திரும்பி வந்தது என்பது எனக்குத் தெரியும்.

3

மறு வருஷம் அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு ஊருக்குப் போனேன். மாலினிக்குப் பள்ளிக்கூடம், அவருக்கு லீவு இல்லை, நான் மட்டும். மெட்ராஸ் விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் என் பெட்டியைத் திறந்து தானியப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

"இன்னாம்மா இது?"

"தினை மாதிரி ஒண்ணு. எனக்குச் சாப்பிடறதுக்கு."

"பாரின்லேர்ந்து டேப்ரெக்கார்டர் கொண்டாருவாங்க, சென்ட்டு கொண்டாருவாங்க. நீங்க கிளிக்குப் போடறத கொண்டாந்திருக்கீங்க." பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் விட்டார்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் அவ்வளவு எளிதாக விடவில்லை. மன்னி மல்லிகைப் பூவாக இட்லி வார்த்து வைத்திருந்தாள். நான் வேண்டாமென்றதும் அண்ணா செய்தித்தாளை இறக்கினான். அவன் திருச்சியில் ரயில்வே ஆபீசில் வேலை பார்ப்பவன், கிண்டல் பேர்வழி.

"ஏண்டி வேதா, ஜெர்மனிக்குப் போனா இட்லிகூட ஆகாதோ? காபிக்குச் சர்க்கரையும் வேண்டாம்கிறே. என்ன, சன்னியாசம் வாங்கிண்டுட்டியா?"

"வயித்துல கோளாறு அண்ணா. டாக்டர் சொல்லியிருக்கார்."

வயிறு என்று சொன்னால் எல்லோரும் பேசாமல் இருந்துவிடுவார்கள். திதியன்று திருக்கண்ணமுது என்று நாங்கள் சொல்லும் பாயசத்தையும் நான் ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கொண்டதோடு சரி. என் பொட்டலத்தைப் பிரித்து நானே வடித்துக்கொண்டு, கீரையும் மோருமாகச் சாப்பிட்டேன். மன்னி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் என்ன சாப்பிடுகிறேன், எதை ஒதுக்குகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் கழித்து அவளும் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தேன். மரியாதைக்கு எனக்குத் துணை இருக்கிறாள் என்று நினைத்தேன்.

4

கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். அண்ணா ஆபீஸ் போயிருந்தான். மன்னி கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"வேதா, உனக்கு வயித்துக் கோளாறுன்னுதானே சொன்னே?"

"ஆமா மன்னி."

"அரிக்குமோ?"

வயிற்றுக் கோளாறுக்கு யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

"உங்களுக்கு இருக்கா மன்னி?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"எத்தனை நாளா?"

"நாளாவது!" என்று சிரித்தாள். "கல்யாணம் ஆகி ஒரு வருஷத்திலேர்ந்து. வரும், போகும். இப்போ ரெண்டு மூணு வருஷமா போறதே இல்லை. சூடுன்னு விட்டுட்டேன். எண்ணெய் தேச்சுக்கறேன், வெந்தயம் முழுங்கறேன், மோர் குடிக்கறேன்."

சூடு. எங்கள் வீட்டில் பெண்களின் உடம்புக்கு இருந்த ஒரே சொல் அதுதான். வெள்ளைப்பட்டால் சூடு, அரித்தால் சூடு, நாக்கு வெளுத்தால் சூடு. 1973இல் மாலினியைப் பெற்றுக்கொள்ள நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தபோது எனக்கும் இதே அரிப்பு இருந்தது. அம்மாவிடம் பாதி வார்த்தையில் சொன்னேன். "பிள்ளைத்தாச்சி சூடு, மோரைக் குடி" என்றாள். பிரசவத்தோடு அது போய்விட்டது. அதே சமயம் மன்னியும் முழுகாமல் இருந்தாள், எனக்கு மூன்று மாதம் பின்னால். அம்மா எங்கள் இருவருக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். கோயிலிலிருந்து அக்காரவடிசில் வந்தால், நெய்யும் வெல்லமும் வழிய வழிய முதல் கை மன்னிக்குத்தான். மன்னிக்கு எப்போதும் பசி, எப்போதும் தாகம். "பிள்ளை கேக்கறது, சாப்பிடு" என்பாள் அம்மா. மன்னியும் சாப்பிட்டாள்.

நான் மாலினியைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்த மாதத்தில் மன்னிக்கு நிறைமாதப் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. மூன்று வருஷம் கழித்து, நான் ஜெர்மனிக்கு வந்தபிறகு, மறுபடியும் அப்படியே. தோஷம் என்றார்கள். ராமேஸ்வரம் போய்வந்தார்கள். அப்புறம் அவளுக்குத் தங்கவே இல்லை.

ஒரே வீட்டில், ஒரே கிணற்றடியில், இரண்டு பேருக்கும் ஒரே அவஸ்தை. நான் வாயைத் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. பின்னர் பன்னிரண்டு வருஷம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களில் மழை, மாவடு, யாருக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று என்பதெல்லாம் இருந்தன. இது மட்டும் இல்லை. ஒளித்தோம் என்றுகூடச் சொல்லமுடியாது. எழுத வார்த்தை இல்லை.

"டாக்டர்கிட்ட போவோம் மன்னி."

"ஆம்பளை டாக்டரா?"

"லேடி டாக்டர். மேலப்புதூர்ல இருக்காளாம்."

"உங்கண்ணாகிட்ட என்னன்னு சொல்றது?"

"தெப்பக்குளத்துல புடவை பார்க்கப் போறோம்னு சொல்லுங்கோ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் திருச்சிக்குப் போனோம்.

5

டாக்டர் அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். சுவரில் ஒரு சின்னச் சிலுவை. மேஜையில் ஸ்பிரிட் விளக்கு. மன்னி பேசுவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் அந்த அம்மாள், அரிப்பு என்ற சொல்லைத் தலைவலி என்பதைப்போல் சொன்னார். மன்னிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"தாகம் எடுக்குமாங்க?"

"சதா தண்ணி குடிச்சிண்டேதான் இருப்பேன்."

சிறுநீரை எடுத்துவரச் சொன்னார். ஒரு கண்ணாடிக் குழாயில் இருந்த நீல மருந்தில் சில சொட்டு விட்டு விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. அந்த அம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சர்க்கரை நிறைய இருக்குதும்மா. ரத்தத்துலயும் பார்த்துடுவோம். உடம்புல இவ்வளவு சர்க்கரை இருந்தா இந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். மேல மருந்து போட்டா போகும், திரும்ப வரும். பிள்ளைங்க எத்தனை?"

"தங்கலை."

"கலைஞ்சிடுச்சா?"

"இல்லை. ரெண்டும் நிறைமாசம். பொறக்கறச்சேயே உசிர் இல்லை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எடை போட்டாங்களா? ஞாபகம் இருக்கா?"

"முதல் பிள்ளை ஒம்பது ராத்தலுக்கு மேலன்னா. ரெண்டாவது அதுக்கும் கூட."

"மாசமா இருந்தப்போ யூரின் டெஸ்ட் எதுவும் பண்ணலையா?"

"வலி எடுத்தப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கே போனேன்."

அந்த அம்மாள் மன்னியின் கையைத் தொட்டார். "அப்பவே சர்க்கரை இருந்திருக்கலாம். இதனாலதான்னு நான் இன்னிக்கு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா உங்க மேல எந்தத் தோஷமும் இல்லை. அதை மட்டும் மனசுல வெச்சுக்குங்க."

மாத்திரை எழுதித் தந்தார். சாப்பாட்டைப் பற்றி நான் என் ஜெர்மன் முறையை ஒப்பித்தேன். "மாமிசம் எதுக்குங்க? காய்கறியிலயே தாராளமா செய்யலாம். ஆனா பட்டினி மட்டும் கிடக்காதீங்க. மாத்திரையும் சேர்ந்துதான் வேலை செய்யும்" என்றார். கிளம்பும்போது மன்னி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பெருமாள் பிரசாதம்?"

"கண்ணுல ஒத்திக்கிட்டு ஒரு பருக்கை வாயில போட்டுக்குங்க. அவர் கோவிச்சுக்க மாட்டார்" என்றார் அந்தக் கிறிஸ்தவ டாக்டர்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் மன்னி ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆற்றில் பாதிதான் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கொழுக் மொழுக்குன்னு இருந்தான் வேதா. நர்ஸ்கூட, இவ்வளவு நன்னா வளர்ந்திருக்கேன்னு சொன்னா. அதை நான் எத்தனை தடவை நெனச்சுப் பெருமைப்பட்டிருக்கேன் தெரியுமோ? என் வயித்துல அவனுக்கு ஒரு குறையும் வெக்கலைன்னு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

6

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த வீட்டில் புதிய தளிகை. எங்கள் வீடுகளில் சமையலைத் தளிகை என்போம். நான் சொல்வது, அவள் செய்வது என்றுதான் தொடங்கினோம். ஒரு வாரத்தில் அவள் செய்வது, நான் சாப்பிடுவது என்று ஆகிவிட்டது. வாழைத்தண்டை நாரெடுத்துப் பாசிப்பருப்போடு கூட்டு. சுரைக்காயில் மிளகு போட்டு மோர்க்குழம்பு. பாகற்காயை வெல்லமில்லாமல் சமைக்க முடியும் என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். தேங்காயும் வறுத்த உளுத்தம்பருப்பும் அரைத்துவிட்டால் கசப்பு பணிந்துவிடுகிறது. காலையில் இட்லிக்குப் பதில் அரைத்த கையோடு அடை.

என் பொட்டலம் தீர்ந்ததும் அண்ணாவிடம் சாமை வேண்டும் என்றாள். அவன் ஆபீசில் உப்பிலியபுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். பச்சைமலை அடிவாரத்தில் அவருக்கு நிலம். அவர் ஒரு பை கொண்டுவந்து கொடுத்தார்.

"ஸ்ரீரங்கத்துல சோத்துக்கா பஞ்சம்?" என்றான் அண்ணா.

அப்போதுதான் மன்னி அவனிடம் சர்க்கரை வியாதியைப் பற்றிச் சொன்னாள். பிள்ளைகளைப் பற்றி டாக்டர் சொன்னதையும் சொன்னாள். அரிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. "உடம்புக்கு ஒண்ணுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றான் அண்ணா.

"யார்கிட்ட?" என்றாள் மன்னி. கோபமில்லாமல்தான் கேட்டாள். அன்றிலிருந்து அண்ணா சாமைச் சோற்றைக் கிண்டல் செய்யாமல் சாப்பிட்டான்.

நான் கிளம்புவதற்கு முன் மன்னி சொன்னாள்: "அரிப்பே இல்லாம ஒரு முழுப்பகல் இருக்க முடியும்கிறதே மறந்து போயிருந்தது வேதா." அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அவளுக்குச் சௌகரியம் கிடைத்தது. அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் வேறு.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் சாப்பாடு எல்லோருக்கும் மருந்து என்று நான் சொல்லவரவில்லை. அரிப்பு விடாமல் வந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள், சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குமேல் சொல்ல எனக்குப் படிப்பில்லை.

7

போன வருஷம் மாலினியை ஊருக்கு அழைத்துப்போனேன். பதினைந்து வயது. அவள் தமிழ் ஓட்டைத் தமிழ். நான் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். ஊருக்கு வருவதற்கே அரை மனது. கோயிலில் கால் சுடுகிறது, வீட்டில் கொசு கடிக்கிறது, தெருவில் எல்லோரும் முறைத்துப் பார்க்கிறார்கள். இவளுக்கும் இந்த வீட்டுக்கும் இனி என்ன ஒட்டு இருக்கும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. மன்னியிடம் மட்டும் ஒட்டிக்கொண்டாள். மாமி, மாமி என்று பின்னாலேயே சுற்றினாள்.

ஒரு மத்தியானம் நான் சமையலறையில் மோர் கடைந்துகொண்டிருந்தேன். கூடத்தில் மன்னியும் மாலினியும். அடுத்த அறையில் அண்ணா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். மாலினி தன் உடைந்த தமிழில் கேட்டாள்.

"மாமி, உங்க பேபி ரெண்டு பேரும், பேர் என்ன?"

அந்த வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுத்ததே இல்லை. மூச்சுவிடாத பிள்ளைக்கு எங்களில் பெயர் வைப்பதில்லை. ஓடிப்போய் அவளை அதட்டவேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் மன்னியின் குரல் கேட்டது.

"பேர் வெக்கலைடி கொழந்தே. யாரும் கேக்கவும் இல்லை." சற்றுப் பொறுத்து, "நானா மனசுக்குள்ள வெச்சிண்டேன். அவன் வரதன். அப்புறம் பொறந்தவ கோதை."

"வரடன்," என்றாள் மாலினி. "கோடை."

"கோடை இல்லடி, கோடைன்னா வெயில் காலம். கோதை. நாக்கைப் பல்லுல வை."

"கோடை."

"இல்லை, இல்லை. இங்கே பாரு, என் வாயைப் பாரு. கோதை."

மாலினி மறுபடி சொன்னாள், மறுபடி தப்பு. மன்னி திருத்தினாள். அவள் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அடுத்த அறையில் அண்ணா ரேடியோவை நிறுத்திவிட்டான். "கோதை, கோதை" என்று மன்னி கூடம் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தாள், தெருவில் விளையாடும் பெண்ணைச் சாப்பிடக் கூப்பிடுகிறவளைப் போல.